உறை போடாத ரொட்டி

கட்டிய புருஷன் சுடுகிற ரொட்டி சீக்கிரம் கெட்டுப்போகணும் என்று தவம் கிடக்கிற பெண்டாட்டியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இருக்கிறாள். கீழே ரொட்டிக்கடை, மாடியில் குடித்தனம். ரொட்டி சுடுவது அவர். அதில் எப்போது பூஞ்சை பிடிக்கும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பது இவள். மாமியார் இவளுக்கு வைத்த பெயர் பூஞ்சைக்காரி. முதலில் கடுப்பில் வைத்ததுதான். போகப்போக அதுவே செல்லப்பெயராகி, தெருவில் பால் போடுகிறவர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவளுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. சாப்பாட்டுப் பொருளைச் சுற்றி வைக்க ஒரு தாள் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் கூடாது. தூக்கி மண்ணில் போட்டால் மக்கிப்போக வேண்டும். ஆனால் அதில் சுற்றிவைத்த பண்டத்தைப் பூஞ்சையும் கிருமியும் நெருங்கவே கூடாது. தானும் மக்கணும், உள்ளே இருப்பதை மக்கவும் விடக்கூடாது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்களே, அதைத் தாளாக வார்த்துக் கொடு என்றால் எப்படி? அவளும் விட்டபாடில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் அவள் பிழைப்பு.

முதலில் செய்த தாள் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுத்தது ஈரம் பட்டதும் பசையாகி ரொட்டியோடு ஒட்டிக்கொண்டது. அதற்கடுத்தது உருப்படியாக வந்தது, ஆனால் அது தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் மட்டும்தான் வேலை செய்தது. ரொட்டி எங்கே கொஞ்சம் குழிந்து தாளைத் தொடாமல் இருந்ததோ அங்கே பச்சைப் பசேலென்று பூஞ்சை. துறைத்தலைவி அதைப் பார்த்துவிட்டு, இதற்கு மெழுகுத்தாளே தேவலை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம் அந்த அம்மாள். கடைசியாக ஒரு வாய்ப்பு தருகிறேன், அடுத்த மதிப்பீட்டுக்குள் வித்தியாசம் காட்டணும், இல்லாவிட்டால் இந்த வேலையை மூடிவிட்டு உன்னைச் சோதனைப் பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்றும் சொல்லியாகிவிட்டது. சோதனைப் பிரிவு என்றால் அடுத்தவர் செய்த பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்து முத்திரை குத்துகிற வேலை. அவளுக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

அந்தக் கடைசி வாய்ப்பில் அவள் செய்த தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். கரும்புச் சக்கையை நார்நாராகப் பிரித்து, அந்த நாரையும் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பிரித்து வார்த்த தாள். அதற்குள்ளே களிமண். சாதாரணக் களிமண் இல்லை. சில இடத்து மண்ணில், பாறை கரைந்து களிமண்ணாகும்போதே மெல்லிய ஏடாகப் பிரிந்து, பாயைச் சுருட்டுகிற மாதிரி தானே சுருண்டுகொள்கிறது. அப்படிச் சுருண்டு குழாயாகிறது. ஒரு தலைமுடியின் பருமனுக்குள் அந்தக் குழாய்களில் ஆயிரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம். அதை யாரும் செய்யவில்லை. மனுஷன் பிறப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே மண்ணுக்குள் சும்மா கிடந்தது. அந்தக் குழாய்களுக்குள்தான் அவள் பூஞ்சையை விரட்டுகிற கிராம்பு எண்ணெயை நிரப்பினாள்.

நிலையத்தில் பார்வையாளர் நாள் என்று ஒன்று உண்டு, வீட்டு ஆட்களை அழைத்துவரலாம். அன்றைக்கு ரொட்டிக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மின்னணு நுண்ணோக்கியின் திரையில் அந்தக் குழாய்களைக் காட்டினாள். குச்சி குச்சியாக, ஒன்றன்மேல் ஒன்று இறைந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் துல்லியமான துவாரம். அவர் நெருங்கிப் போய்ப் பார்த்தார், விலகி வந்து பார்த்தார்.

"இத்தனூண்டு குழாய்க்குள்ள எப்படி எண்ணெய் ஊத்தினே? புனல் எங்க கிடைச்சது?"

அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள். எண்ணெயில் குழாய்களைப் போட்டு, பாத்திரத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் இருந்த காற்றும் வெளியே போய்விடும். பிறகு காற்றைத் திரும்ப உள்ளே விட்டால், காலியான இடத்துக்குள் எண்ணெய் தானே புகுந்துகொள்ளும். அவருக்கு அது புரிந்துவிட்டது, புரிந்ததும் இன்னும் மலைத்துப்போனார். மாவு பிசைந்து பிசைந்து மரத்துப்போன தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், இந்த உலகம் எவ்வளவு சின்னது வரைக்கும் வீடு கட்டி வைத்திருக்கிறது என்றார். அவளுக்கு அன்றைக்கு அவரைக் கட்டிக்கொள்ளணும் போல இருந்தது.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். திரும்பும் வழியில் நடைச்சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தன. பூஞ்சை பிடித்த ரொட்டித் துண்டுகள், பெரிதாக்கியவை. எல்லாம் அவர் சுட்டது. கடையில் வாங்குகிற ரொட்டியில் கெடாமலிருக்க பவுடர் போட்டிருப்பார்கள், அதை வைத்துச் சோதனை செய்தால் லேசில் எதுவும் முளைக்காது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர எதையும் சேர்க்காத ரொட்டி அக்கம்பக்கத்தில் அவர் கடையில் மட்டும்தான். அது அவருக்குப் பெருமை. ஆனால் மழைக்காலத்தில் அதே ரொட்டி சட்டென்று பூத்துவிடும், அது அவருக்கு மானக்கேடு. பூத்ததை யார் கண்ணிலும் படாமல் பொட்டலம் கட்டி எறிகிற மனுஷன் அவர். இங்கே சுவர் பூராவும் மாட்டி வைத்திருக்கிறார்கள். கூட வேலை பார்க்கிற சோடாபுட்டி, கண்ணாடி தடிமனால் வந்த பட்டம் அது, நல்ல பையன்தான், வாய் மட்டும் சும்மா இருக்காது, மாமா ரொட்டி நல்லா விளைஞ்சிருக்கு பாருங்க என்று அவரிடமே காட்டினான். ரொட்டிக்காரரின் காது சிவந்தது. அவள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, கதைக்கு வருவோம். மதிப்பீட்டுக்கு முந்தின சோதனையை ஆரம்பித்தாள். அவர் சுட்டுக் கொடுத்த ரொட்டியைத் துண்டு போட்டு, பாதியைப் புதுத் தாளில் சுற்றினாள். மீதிப் பாதியை ஒன்றுமே சுற்றாமல் வெறும் துண்டாக வைத்தாள். வெறும் துண்டு கெடணும், சுற்றினது கெடக்கூடாது, அதுதான் வித்தியாசம். வெறும் துண்டு கெடவில்லை என்றால் சுற்றினது கெடாததற்கு அர்த்தமே இல்லை, எதுவுமே கெடாத இடத்தில் எதைக் காப்பாற்றினாய் என்று கேட்டுவிடுவார்கள். இரண்டையும் ஈரப்பெட்டி என்கிற கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்தாள். உள்ளே மழைநாள் புழுக்கம் மாதிரி ஈரம் ஒரே சீராக இருக்கும், ஒரு சின்ன விசிறி காற்றைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு பெட்டி இருந்தது, ஒன்று ரிப்பேர். அதனால் சுற்றினதைக் கீழ்த்தட்டிலும் வெறும் துண்டை மேல்தட்டிலும் வைத்து ஒரே பெட்டியை மூடினாள். போன தாள்களையும் அப்படித்தான் வைத்துப் பார்த்தாள், ஒரு குறையும் வந்ததில்லை.

நாள் போயிற்று. கீழ்த்தட்டு சுத்தம். மேல்தட்டைப் பார்த்தாள், அதுவும் சுத்தம். மறுநாள் பார்த்தாள். பால் வெள்ளை. வழக்கமாக இந்நேரம் பச்சைப் புள்ளி வந்து, வெள்ளைப் பஞ்சு படர்ந்து, கறுப்பும் தலைகாட்டியிருக்கணும். வாடா ராசா, முளைச்சுத் தொலையேன் என்று கண்ணாடிக்கு வெளியே நின்று கெஞ்சினாள். அது புதுப்பெண் மாதிரி பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

சோடாபுட்டிதான் நெருப்பைப் பற்றவைத்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவனும் பல காரணம் யோசித்து ஒன்றும் பிடிபடாமல் கேட்டான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மாமா இந்தத் தடவை மாவுல பவுடர் ஏதாவது சேர்த்திருப்பாரோ?"

அப்படியெல்லாம் செய்ய மாட்டார் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஆனால் சந்தேகம் இருக்கிறதே, அது ஈஸ்ட் மாதிரி. துளி போதும், சூடு கிடைத்தால் பொங்கிவிடும். சுவரில் மாட்டிய படங்கள் ஞாபகம் வந்தது. அவர் காது சிவந்தது ஞாபகம் வந்தது. நாலு பேர் முன்னால் தன் ரொட்டி மானம் போகிறதே என்று ஒரே ஒரு தடவை, லேசாக, ஒரு சிட்டிகை போட்டிருந்தால்? வீடு வந்து சேர்வதற்குள் சந்தேகம் பானையைத் தாண்டி வழிந்தது.

கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. பொழுது சாயக்கூட இல்லை, அதற்குள் சாத்தியாயிற்றா என்று ஒரு கணம் தோன்றியது, அதைக் கேட்கிற நிலையில் அவள் இல்லை. அவர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒண்ணு கேட்பேன், மறைக்காம சொல்லணும். இந்தத் தடவை மாவுல பவுடர் சேர்த்தீங்களா?"

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"எதுக்கு?"

"கெடக் கூடாதுன்னு. எல்லாரும் கிண்டல் பண்றாங்கன்னு. ரொட்டி கெடவே இல்லை. என் வேலையே போகப்போகுது."

அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"நீயா கேக்கற?" என்றார். அவ்வளவுதான். துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

இல்லை என்று சத்தம் போட்டிருந்தாலாவது பதிலுக்குப் பேசியிருக்கலாம். ஒன்றும் சொல்லாத ஆளிடம் என்னத்தைச் சண்டை போடுவது? சேர்த்திருந்தால்தானே வாயடைத்துப் போகும் என்று அவள் மனசின் ஒரு மூலை சொன்னது. சேர்க்காதவனுக்கும் வாயடைத்துப் போகும் என்று இன்னொரு மூலை சொன்னது. இரண்டுக்கும் நடுவில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாளிலிருந்து நிலையத்துக்கு இரண்டு நாள் விடுமுறை. மின்சாரக் கம்பிகளை மாற்றுகிறார்கள், ஈரப்பெட்டிகளுக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடும், ஆட்கள் யாரும் வரக்கூடாது என்று உத்தரவு. திரும்பத் திறக்கிற அன்றைக்கே மதிப்பீடு. வீட்டில் அடைந்து கிடந்தாள். புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை கிடையாது, எல்லாம் மாமியார் வழியாகத்தான். சாப்பிட வரச் சொல்லுங்கத்தை என்பாள் இவள், பசிக்கலைன்னு சொல்லும்மா என்பார் அவர். மாமியார் ஒரு வேளை பொறுத்தார், இரண்டாவது வேளை கரண்டியைப் போட்டார். அவன் இதோ நிற்கிறான், நீ இதோ நிற்கிறாய், நடுவில் என்னைத் தந்திக் கம்பமாக நட்டு வைத்திருக்கிறீர்களா என்று இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். போகிற போக்கில், இன்றைக்குத்தான் உன்மேல் அந்தப் பல் டாக்டர் வாசனை அடிக்கவில்லை, அதுவரைக்கும் நிம்மதி என்றார். கிராம்பு எண்ணெய் வாசனையைத்தான் அப்படிச் சொல்வார், அவள் வேலை விட்டு வந்தால் மாடிப்படியில் கால் வைக்கும்போதே தெரியும் என்பார். அவளுக்கு அந்த வாசனை தெரிந்ததே இல்லை. அத்தைக்கு எல்லாவற்றிலும் ஒரு நொட்டை என்று நினைத்துக்கொள்வாள்.

மாவு உருட்டுகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், சும்மா இருக்கப் பிடிக்காமல் அவளே கீழே இறங்கி வேலையில் நின்றாள். இரண்டு நாளும் வெந்த மாவின் மணத்திலேயே கிடந்தாள். பக்கத்தில் பக்கத்தில் நின்று உருட்டினார்கள், தோள் இடித்தது, பேச்சு வரவில்லை. இரண்டாம் நாள் தட்டுகள் போதவில்லை. அடுப்புக்குப் பின்னால் ஜன்னல் மாடத்தில் பழைய தட்டுகள் இருக்கும் என்று எடுக்கப் போனாள்.

தட்டுகளுக்குப் பின்னால் ஒரு ரொட்டி. பச்சையும் நீலமுமாகப் பூத்துக் குலுங்கியது. அதன் மேல்தோலில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கீறல். நிலையத்துக்கென்று சுடுகிற ரொட்டிகளில் மட்டும்தான் அவர் அப்படிக் கீறுவார், கடையில் விற்றுவிடாமல் இருக்க. இந்த மாசத்தில் அப்படி ஒரே ஒரு முறைதான் சுட்டார். பெட்டிக்குள் புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, அதே மாவு, அதே அடுப்பு, அதே நாள்.

தட்டோடு அதைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இது என்ன?"

அவர் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உன்கிட்ட இருக்கற ரொட்டியோட கூடப்பிறந்தது. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு அங்க எடுத்து வைப்பேன். இது பூத்துச்சுன்னா உன்னோடதும் அங்க பூத்திருக்கும். அன்னிக்கு நீ சிரிச்சுக்கிட்டே வருவே. அதான் சீக்கிரம் கடையைச் சாத்திடறது."

அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. பூஞ்சை வந்துவிட்டது என்று அவள் துள்ளிக்கொண்டு வந்த நாளெல்லாம் கடை சாத்தியிருந்தது, இருவரும் காலாற நடந்துவிட்டு வந்தார்கள். தற்செயல் என்று நினைத்திருந்தாள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று பூத்த ரொட்டியை ஒளிக்கிற மனுஷன், அவளுக்காக ஒன்றைப் பூக்கவிட்டு, தினம் எட்டிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பாதி இறக்கி வைத்திருந்திருக்கிறார். அவள் செருப்போடு உள்ளே நுழைந்து பவுடர் போட்டீர்களா என்று கேட்டாள். வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"எடுத்துக் காட்டியிருக்கலாம்ல?"

"நீ கேட்டதுக்கு அப்புறம் எதுக்குக் காட்டணும்?"

தப்புத்தான், புத்தி கெட்டுப்போய்க் கேட்டுவிட்டேன் என்றாள். அவர் தலையை ஆட்டினார். மாவை இரண்டாகக் கிள்ளி ஒரு பாதியை அவள் பக்கம் தள்ளினார். அது சமாதானமா, இல்லை உருட்டுகிற வேலையா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உருட்டினாள்.

மதிப்பீட்டு நாள் காலையில் எல்லோருக்கும் முந்திப் போய்ச் சேர்ந்தாள். ரொட்டிமேல் குற்றமில்லை என்றால் பெட்டிமேல்தான் குற்றம், ஈரம் குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஈரத்தின் அளவைக் காட்டுகிற முள்ளைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. விசிறி ஓடியது. மேல்தட்டுத் துண்டு இன்னும் வெள்ளையாகவே இருந்தது. கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தாள்.

வாசனை முகத்தில் அறைந்தது. கிராம்பு. பல் டாக்டர் அறைக்குள் தலையை விட்ட மாதிரி. ஒரு அடி பின்வாங்கிவிட்டாள். இது எப்போதிருந்து? இத்தனை நாளும் தினம் இந்தக் கதவைத் திறந்தாளே, சோடாபுட்டி திறந்தானே, ஒருவருக்காவது தெரிந்ததா? அந்த எண்ணெயிலேயே நாள் பூராவும் புரண்டவர்களுக்கு எங்கே தெரியும். இரண்டு நாள் ரொட்டி மணத்தில் கழுவிவிட்ட மூக்கோடு இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள்.

திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மெல்ல மெல்லப் புரிந்தது, புரியப் புரிய உடம்பு சிலிர்த்தது. ஈரம் ஏறியதும் தாள் ஊறியிருக்கிறது. ஊறியதும் அந்தக் குழாய்கள் எண்ணெயை ஆவியாக வெளியே விட ஆரம்பித்திருக்கின்றன, கொஞ்சம் கொஞ்சமாக. பழைய தாள்கள் தொட்ட இடத்தை மட்டும் காத்தன. இது தொடவே வேண்டாம் என்றிருக்கிறது. விசிறி அந்த மூச்சை மேலே கொண்டுபோயிருக்கிறது, யாரும் எதையும் சுற்றாமல் அம்போ என்று விட்ட துண்டைச் சுற்றி அது காவல் நின்றிருக்கிறது. கெட்டுப்போ, கெட்டுப்போ என்று இவள் வெளியே நின்று கெஞ்சக் கெஞ்ச, இவள் செய்த தாளே உள்ளே நின்று விடமாட்டேன் என்றிருக்கிறது. யாரும் அதனிடம் இதைக் கேட்கவில்லை. ஈரம் வந்தால் விழித்துக்கொள், ஈரம் போனால் தூங்கு என்று யாரும் சொல்லித்தரவும் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு பாறை கரைந்து, சுருண்டு, துவாரமாகிக் காத்துக் கிடந்தது, கரும்புச் சக்கை நடுவில் வந்து உட்கார்ந்தது, ஒரு ரொட்டித் துண்டுக்காக மூச்சு விட்டது. அம்மாடி என்று வாய்விட்டே சொன்னாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அது கிராம்புக் காரம் மட்டும் இல்லை.

உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். மாமியார் எடுத்தார். மாடத்தில் இருக்கிற கெட்ட ரொட்டியை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொல்லுங்கத்தை என்றாள். மறுபடி தந்திக் கம்பமா என்று மாமியார் ஆரம்பித்தார், குரலைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

ரொட்டிக்காரர் மாவு படிந்த ஏப்ரனோடு அப்படியே கிளம்பி வந்தார். வாசல் காவலாளி மறித்திருக்கிறார், கெட்டுப்போன ரொட்டியை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று. கெட்டுப்போனதால்தான் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார். மூடக்கூட இல்லை. தன் வாழ்நாளிலேயே ஆக மோசமாகப் பூத்த ரொட்டியைத் தட்டில் ஏந்திக்கொண்டு, தன் ரொட்டிகளின் படங்கள் மாட்டிய அதே நடைவழியாக வந்தார். இந்த முறை காது சிவக்கவில்லை. சோடாபுட்டி எழுந்து வழிவிட்டான்.

அறையில் துறைத்தலைவியும் குழுவினரும் இருந்தார்கள். வித்தியாசம் எங்கே என்றார் தலைவி. அவள் மழுப்பவில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தது என் தப்பு, பழைய தாளைப் போலத் தொட்டால்தான் இதுவும் வேலை செய்யும் என்று நினைத்துவிட்டேன் என்றாள். வெறும் துண்டும் கெடாதது அதனால்தான் என்றாள். பெட்டிக்கு வெளியே இருந்த அதே மாவு ரொட்டி இது என்று தட்டைக் காட்டினாள். ஒரு ரொட்டியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதுவும் வீட்டு மாடத்தில் இருந்தது என்றார் தலைவி. நிரூபிக்க முடியாதுதான் மேடம், மூக்கை மட்டும் கொஞ்சம் உள்ளே காட்டுங்கள் என்றாள்.

தலைவி எழுந்து வந்தார். கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். ரொம்ப நேரமாகியும் தலையை வெளியே எடுக்கவில்லையே என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துவிட்டது, துடைக்காமலே கையை நீட்டி மேல்தட்டில் இருந்த வெறும் துண்டை எடுத்தார். தட்டில் பூத்திருந்த அதன் கூடப்பிறந்ததுக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துப் பார்த்தார். அவர் பேசியபோது குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"சுத்தாததையுமா காப்பாத்தியிருக்கு?"

குழுவில் ஒருவர் எழுந்து வந்து தானும் தலையை உள்ளே விட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். படித்த பெரியவர்கள் எல்லாம் ஒரு அலமாரி முன்னால் வரிசையில் நிற்கிற கூத்தை ரொட்டிக்காரர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்து ஒன்றும் உதிரவில்லை. தலைவி நாற்காலியில் உட்கார்ந்ததும் பழைய குரல் திரும்பிவிட்டது. வேறு வேறு பெட்டியில் வைத்து மறுபடி செய், தாளோடு சேர்ந்து இருக்கிற வெறும் துண்டு ஒன்று, தாளே இல்லாத பெட்டியில் வெறும் துண்டு ஒன்று, அதில் வித்தியாசம் வந்தால் வேலை நடக்கும், வராவிட்டால் சோதனைப் பிரிவுதான் என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பக்கத்துப் பிரிவிலிருந்து ஒரு பெட்டியை அவரே கேட்டு வாங்கிக் கொடுத்தார், அதுதான் ஆச்சரியம்.

ரொட்டிக்காரர் மறுபடி சுட்டார். மேலே பெருக்கல் குறி கீறினார். அவள் துண்டு போட்டு இரண்டு பெட்டியிலும் வைத்தாள், சோடாபுட்டி வாயைத் திறக்காமல் கதவை மூடினான். பிறகு காத்திருப்பு. வீட்டில் பேச்சு பழையபடி வந்துவிட்டிருந்தது, ஆனால் எல்லாம் உப்பு, புளி, வேலைப் பேச்சுத்தான். அவர் கோபமாக இல்லை. முன்னே மாதிரியும் இல்லை. மாடத்தில் இந்தத் தடவையும் ஒன்றை வைத்திருப்பாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்க மனசு வரவில்லை, கேட்கத் துணிச்சலும் வரவில்லை. பெட்டியில் பூஞ்சை வருமா என்பதைவிட அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

ஒரு நாள் மத்தியானம் சோடாபுட்டி ஓடிவந்து கூப்பிட்டான். தாளில்லாத பெட்டியில் வெறும் துண்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி. பார்த்துக்கொண்டே இருந்தாள், எவ்வளவு அழகான பச்சை. மற்றப் பெட்டிக்குப் போனாள். கீழே தாளில் சுற்றிய துண்டுகள். மேலே, அதே மாவில் பிறந்த, எதுவும் சுற்றாத துண்டு. ஒரு புள்ளி இல்லை. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாமல் அங்கே எத்தனை கோடிக் குழாய்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டாள். கேட்காமலே ஒன்று இன்னொன்றைப் பார்த்துக்கொள்கிறது, தொடக்கூட இல்லை.

போனை எடுத்தாள். இந்த முறை மாமியாருக்குப் போடவில்லை.

"உங்க ரொட்டி கெட்டுப்போச்சு" என்றாள்.

அந்தப் பக்கம் இரும்புக் கதவு கடகடவென்று இறங்குகிற சத்தம் கேட்டது.

"காலையிலேயே பார்த்துட்டேன்" என்றார். "சீக்கிரம் வா."